கரையோரம் கற்ற ஒளி

நுழையும்முன்

ஒளிப்படம் எடுப்பது இன்று எல்லோருக்கும் எளிதாகிவிட்டது. கையிலிருக்கும் கைப்பேசியே கருவி. விரல் நுனியே தூரிகை. ஆயினும், ஒரு நிலத்தை ஒளிப்படமாக்க, அந்நிலத்தின் காற்றையும் நீரையும் பொழுதையும் மக்களையும் அறிய வேண்டியிருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் அக்கலையைப் பயின்ற ஆசிரியர் ஒருவரின் பட்டறிவே இக்கட்டுரை.

முதற்பொருளும் முதற்பாடமும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது நம் இலக்கணம். கருப்பொருளும் உரிப்பொருளும் அதற்குப் பின்னரே வருகின்றன. இதனை நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் கற்பித்திருக்கிறேன். ஐம்பதாம் வயதில் ஓர் ஒளிப்படக் கருவியை வாங்கிக்கொண்டு கடற்கரைக்குச் சென்றபோது, அதே பாடத்தைக் கடல் எனக்கு மீண்டும் கற்பித்தது. ஓரிடத்தில் நிற்பதனால் மட்டும் அவ்விடத்தின் படம் கிடைத்துவிடுவதில்லை. உரிய பொழுதும் வந்து சேர வேண்டும். நிலமும் பொழுதும் கூடும் புள்ளியில்தான் நிலக்காட்சிப் படம் பிறக்கிறது.

நான் பயின்ற இடம் புதுச்சேரி நகரத்தின் கடற்கரைச் சாலை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையில் காந்தியடிகள் சிலையும், 1836ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னமும் வரிசையாக நிற்கின்றன. சாலைக்கும் கடலுக்கும் இடையே கரும்பாறைகள் குவிந்துகிடக்கின்றன. வங்கக் கடலின் அலைகள் அவற்றின்மேல் மோதி ஆள் உயரத்திற்கு எழும். பின்பு வெண்ணுரையாய்ச் சிதறிப் பாறை இடுக்குகளில் வடியும். கரடுமுரடான அக்கரையைக் காண்போர், காலங்காலமாக அது அப்படியே இருப்பதாக எண்ணுவர். அப்பாறைகளின் வரலாற்றைப் பின்னர்க் கூறுகிறேன்.

ஒளியால் எழுதுதல்

‘போட்டோகிராபி’ என்னும் சொல் கிரேக்க வேர்களிலிருந்து பிறந்தது. ஒளியால் எழுதுதல் என்பது அதன் பொருள். 1839ஆம் ஆண்டில் பாரிசு நகரில் தாகேர் என்பாரின் முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டபோது, இக்கலை பொதுச்சொத்தாயிற்று. தமிழில் இதற்குப் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் மக்கள் வழக்கில் ஆழ வேரூன்றிய சொல். நிழற்படம் நிழலை நினைவூட்டும் அழகிய சொல். ஒளிப்படம் என்பதே செயலுக்கு மிக அணுக்கமானது. கருவிக்குள் நுழைவது ஒளி ஒன்றே. பாறையோ படகோ அதனுள் நுழைவதில்லை. அவற்றின்மேல் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் நாம் பெறுகிறோம்.

ஆகவே, நிலக்காட்சியைப் படமெடுக்க விரும்புவோர் முதலில் பொருளைப் பார்க்கும் பழக்கத்தை விடுத்து, பொருளின்மேல் விழும் ஒளியைப் பார்க்கப் பழக வேண்டும். இப்பழக்கம் எனக்கு வர ஓராண்டு ஆயிற்று.

கிழக்குக் கரையின் ஒளி

புதுச்சேரி கிழக்குக் கரையில் உள்ள ஊர். இங்குக் கதிரவன் கடலில் எழுந்து நகரத்தின் பின்னே மறைகிறான். எளிய செய்திதான், ஆயினும், இங்கு எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் இதுவே தீர்மானிக்கிறது.

வைகறையில் கடலை நோக்கி நிற்பவருக்கு ஒளி எதிரிலிருந்து வருகிறது. கதிரவன் எழுவதற்கு முந்தைய இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் வானம் நீலமும் ஊதாவுமாய் இருக்கும். பாறைகளின் ஈரம் அந்நிறத்தை வாங்கி மினுக்கும். கதிரவன் எழுந்தவுடன் நிலை மாறிவிடும். வானம் கூசும், பாறைகள் கரிய உருவங்களாகிவிடும். நம் கண் இரண்டையும் ஒருங்கே காணவல்லது. கருவிக்கு அவ்வாற்றல் குறைவு. வானத்திற்கு அளந்தால் பாறை இருளும். பாறைக்கு அளந்தால் வானம் வெளிறும்.

இச்சிக்கல் இக்கலையின் தொடக்கத்திலிருந்தே உள்ளது. 1850களில் பிரான்சின் கடற்கரைகளைப் படமெடுத்த குஸ்தாவ் லெ கிரே என்னும் கலைஞர், வானத்திற்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரண்டு எதிர்மறைப் படங்களை எடுத்து, அவற்றை ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். அக்காலத்து வேதிப்பூச்சு நீல ஒளியை மிகுதியாக ஏற்றதனால் வானம் வெறுமையாக வெளுத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், வெளிறிப்போன வானத்தில் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்ததுண்டு. 1858ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஒட்டி இணைத்தார். இன்று நம் கைப்பேசி ஒரு நொடியில் செய்யும் பணிகளை அவர்கள் நாள்கணக்கில் கையால் செய்தார்கள்.

நான் கற்ற தீர்வுகள் எளியவை. கதிரவன் எழும்முன்னரே படமெடுத்து முடிப்பது ஒன்று. மேற்பாதி கருமையாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் உள்ள வடிகட்டிக் கண்ணாடியை வில்லையின்முன் பிடித்து வானத்தின் ஒளியைக் குறைப்பது மற்றொன்று. பாறைகள் இருண்ட உருவங்களாகவே இருக்கட்டும் என ஏற்று, அவற்றின் வடிவத்தை மட்டும் நம்பிப் படத்தை அமைப்பது மூன்றாவது.

பிற்பகலில் காட்சி தலைகீழாகிறது. கதிரவன் நகரத்தின் பக்கம் சாய, ஒளி நம் முதுகுக்குப் பின்னிருந்து கடல்மீது விழுகிறது. காலையில் உருகிய வெள்ளியாய்க் கூசிய நீர் இப்போது தன் உண்மையான நிறத்தைக் காட்டும். கரையோரம் பழுப்பு, அதற்கப்பால் பச்சை, தொலைவில் நீலம் என அது அடுக்கடுக்காய் விரியும். பாறையின் ஒவ்வொரு வெட்டும், அதில் ஒட்டிய பாசியும் தெளிவாகும். பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரையிலான எற்பாட்டை நெய்தலுக்குரிய சிறுபொழுதாக நம் முன்னோர் ஏன் கொண்டனர் என்று அப்போது நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஒளி நிமிடத்திற்கு நிமிடம் குறைய, கடலுக்குச் சென்றவரை எதிர்நோக்கிக் கரையில் நிற்பவரின் மனநிலைக்கு இப்பொழுதைவிடப் பொருத்தமானது வேறொன்று இருக்க முடியாது. இரங்கல் என்னும் உரிப்பொருளை அந்த மங்கும் ஒளியில் நான் கண்ணால் கண்டேன்.

பொழுது மட்டுமன்றிப் பருவமும் படத்தை மாற்றும். ஆண்டு முழுவதும் கதிரவன் நேர் கிழக்கில் எழுவதில்லை. புதுச்சேரியில் ஆனி மாதத்தில் வடக்கேயும் மார்கழியில் தெற்கேயும் ஏறத்தாழ 24 பாகை வரை அவன் எழும் இடம் நகர்கிறது. இதை நூலில் படித்திருந்தும், ஒரே பாறையில் நின்று ஓராண்டு கண்டபோதுதான் அது எனக்கு அறிவாயிற்று.

அலைக்கு எத்தனை முகம்?

ஒளிப்படக் கருவியில் மூன்று கட்டுப்பாடுகள் உள்ளன. ஒளி நுழையும் துளையின் அளவு ஒன்று. அத்துளை திறந்திருக்கும் நேரம் இரண்டு. ஒளியை உணரும் திறன் மூன்று. கடலைப் படமெடுப்போருக்கு இவற்றுள் முதன்மையானது திறந்திருக்கும் நேரமே.

நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் திறந்தால், பாறையில் மோதிய அலையின் ஒவ்வொரு துளியும் கண்ணாடி மணிபோல் உறைந்து நிற்கும். அரை நொடி திறந்தால், பின்வாங்கும் நீர் வெண்ணூல்களாக நீளும். அலை செல்லும் திசை படத்தில் எழுதப்படும். கருவியை முக்காலியில் அசையாது பொருத்தி, கரிய வடிகட்டியால் ஒளியைக் குறைத்து, முப்பது நொடி திறந்தால் அலைகளே இரா. கடல் பனிமூட்டம்போல் ஆகிவிடும்; அம்மூட்டத்திலிருந்து பாறைகள் மலைச்சிகரங்கள்போல் எழும்.

இம்மூன்றில் எது உண்மையான கடல் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மூன்றும் உண்மையே. ஒன்று கடலின் வேகத்தைச் சொல்கிறது. ஒன்று அதன் திசையைச் சொல்கிறது. மற்றொன்று அதன் பொறுமையைச் சொல்கிறது. எதைச் சொல்ல விரும்புகிறோம் என்பதை நாம் முன்னரே அறிந்திருக்க வேண்டும். சொல்லைத் தேர்ந்தெடுக்கும் புலவனுக்கும் நொடியைத் தேர்ந்தெடுக்கும் ஒளிப்படக் கலைஞனுக்கும் வேலை ஒன்றுதான்.

மீனவர் கற்பித்தவை

கருவியைப் பற்றி நூல்களில் கற்றேன். கடலைப் பற்றிக் கற்பித்தவர், நகரின் வடபகுதியில் வைத்திக்குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர். பாறைகளின்மேல் முக்காலியை நிறுத்த இடம் தேடிய என்னை அவர் அழைத்தார். “வாத்தியாரய்யா, முதல்ல கொஞ்ச நேரம் கடலைப் பாருங்க. பொட்டியை அப்புறம் தொறக்கலாம்” என்றார்.

அவர் சொன்னபடி கால் மணி நேரம் நின்று பார்த்தேன். சிறிய அலைகள் பல வந்தபின் பெரிய அலைகள் சில தொடர்ந்து வருவது தெரிந்தது. “கல்லு காஞ்சிருக்குதா, நனைஞ்சிருக்குதான்னு பாருங்க. நனைஞ்ச கல்லுல அலை ஏறும்னு அர்த்தம். பச்சை படிஞ்ச கல்லுல காலே வைக்கக் கூடாது” என்று அவர் மேலும் கூறினார். அன்று முதல் ஈரமான பாறையில் நான் நிற்பதில்லை. கடலுக்கு முதுகு காட்டுவதுமில்லை. அழகான படத்திற்காக ஆபத்தான பாறையில் ஏறி நிற்போரை நாம் அடிக்கடி காண்கிறோம். எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது. கரையிலிருந்தே எடுக்க முடியாத படம், எடுக்க வேண்டாத படம்.

வேறொரு நாள் அவர் சொன்னது என் படங்களின் பொருளையே மாற்றியது. “இந்தக் கல்லெல்லாம் எங்க சின்ன வயசுல இல்லீங்க. இங்க மணலு இருந்துச்சு. கட்டுமரத்தை மணல்லதான் இழுத்து ஏத்துவோம்” என்றார்.

மணல் நடக்கும் பாதை

கடற்கரை மணல் ஓரிடத்தில் தங்கியிருப்பதில்லை. கரைக்குச் சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலைக் கரையோரமாகவே நகர்த்திச் செல்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கே செல்லும் மணலே மிகுதி. கடற்கரை என்பது உண்மையில் மெல்ல ஓடும் ஒரு மணலாறு.

1980களின் இறுதியில், நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. மணலாறு அங்குத் தடைப்பட்டது. தெற்கே மணல் தேங்கியது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. அலைகள் கரையிலிருந்ததை எடுத்துச் சென்றன; ஈடுசெய்ய ஒன்றும் வந்து சேரவில்லை. நகர்முன் இருந்த மணற்பரப்பு மறைந்தது. கரையைக் காப்பதற்காகப் பாறைகள் கொட்டப்பட்டன. பாறைகள் சாலையைக் காத்தன, மணலை மீட்கவில்லை. அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து, தமிழகத்தின் தந்திராயன்குப்பம் போன்ற மீனவர் ஊர்களைத் தொட்டது. ஓரூரின் சுவர் அடுத்த ஊரின் கரையைத் தின்னும் என்பதைக் கடல் கணக்காகக் காட்டியது.

பின்னர் 2018ஆம் ஆண்டையொட்டி, சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், தலைமைச் செயலகத்திற்கு எதிரே நீரில் மூழ்கிய ஆப்பு வடிவச் செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பட்டது. அலைகளின் வேகத்தை அது தணிக்க, அப்பகுதியில் மணல் மீண்டும் படியத் தொடங்கியது. பல ஆண்டுகளுக்குப் பின் சிறுவர்கள் அங்கு மணலில் ஓடி விளையாடுவதை நான் படமெடுத்தேன்.

இவற்றை அறிந்தபின், நான் அழகென்று படமெடுத்த அந்தக் கரும்பாறைகள் எனக்கு வேறாகத் தெரிந்தன. அக்கரையின் கரடுமுரடு இயற்கை செதுக்கியதன்று. லாரிகளில் வந்து இறங்கியது. ஒவ்வொரு பாறையும், அங்கு முன்பிருந்த மணலின் இன்மையைச் சொல்லும் அடையாளம்.

மறைந்துபோகும் படகுகள்

எங்கள் பள்ளியின் இலக்கிய மன்ற விழாவில் நெய்தல் நிலம் பற்றிய கண்காட்சி நடந்தது. அதில் என் படங்கள் இரண்டு இடம்பெற்றன. ஒன்று, வைகறையில் முப்பது நொடி திறந்து எடுத்தது; பனிபோன்ற கடலும் அதில் எழும் பாறைகளும் கொண்டது. மற்றொன்று, மணலற்ற கரையில் இடமின்றித் தெருவோரம் ஏற்றி நிறுத்தப்பட்ட படகுகளின் படம். முதல் படத்தின்முன் கூட்டம் நின்றது. இரண்டாம் படத்தின்முன் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் மட்டும் நின்றார். “ஐயா, இது எங்கள் தெரு” என்றார். பின்பு முதல் படத்தைக் காட்டி, “அந்த நேரத்தில் படகெல்லாம் கடலுக்குப் போகுமே, இதில் ஒன்றுகூட இல்லையே?” என்று கேட்டார்.

அதற்கு விடை, கருவியின் இயல்பில் உள்ளது. நீண்ட நேரம் திறந்திருக்கும்போது அசையாதவை மட்டுமே படத்தில் பதியும்; நகர்பவை தடமின்றிக் கரைந்துவிடும். 1838ஆம் ஆண்டில் தாகேர் எடுத்த பாரிசு நகரத் தெருவொன்றின் படம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. வண்டிகளும் மக்களும் நிறைந்த அத்தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவரின் உருவம்தான் அதில் தெளிவாகத் தெரிகிறது. மற்றவர்கள் அங்கு இல்லாமல் இல்லை; அவர்கள் உழைத்துக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்தார்கள். அதனாலேயே படத்தில் இடம்பெறவில்லை.

அம்மாணவிக்கு இதை விளக்கிச் சொன்னேன். அவர் சற்று எண்ணிவிட்டு, “அப்படியென்றால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஐயா” என்றார். அவ்வாறே வைத்தோம். ஒரு கரையின் இரு முகங்கள் ஒருங்கே நின்றன. அதன்பின் இரண்டாம் படத்தின்முன்னும் கூட்டம் நின்றது. பார்த்தவர்கள் மணலைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். நிலக்காட்சி என்பது ஆளற்ற வெளி என்னும் எண்ணம் இன்று பரவலாக உள்ளது. நம் இலக்கியத்தில் அத்தகைய வெளி இல்லை. அங்கு நெய்தல் என்றால் கடலோடு பரதவரும் உண்டு; உப்போடு உமணரும் உண்டு. கருப்பொருளை நீக்கிவிட்டு நிலத்தை மட்டும் காட்டும் படம், அழகாக இருக்கலாம், முழுமையாகாது.

படம் என்னும் சான்று

அதன்பின் நான் மாதம் ஒருமுறை, குறித்த ஐந்து இடங்களில் நின்று, ஒரே உயரத்தில் ஒரே கோணத்தில் படமெடுத்து வருகிறேன். தனித்தனியே பார்த்தால் அவை சாதாரணப் படங்கள். வரிசையாக அடுக்கினால், மணல் விரிவதும் சுருங்குவதும் மூச்சு விடுவதுபோல் தெரிகின்றன. அப்படங்களுள் பழைய துறைமுகப் பாலத்தின் படங்களும் உள்ளன. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தபின் புதிதாகக் கட்டப்பட்டது அது. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எழுந்த கடல் சீற்றத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து நீரில் வீழ்ந்தது. அதற்கு முந்தைய மார்கழியில், பாலத்தருகே கதிரவன் எழுவதை வழக்கம்போல் எடுத்து வைத்திருந்தேன். எடுத்தபோது அது நூற்றுள் ஒரு படம். இன்று அப்பாலத்தின் முழு உருவத்திற்கு அதுவும் ஒரு சான்று.

இத்தகைய சான்றுகளின் மதிப்பைப் புதுச்சேரி நன்கறியும். கடற்கரைக்கு அண்மையில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் பதிவுசெய்த ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் அங்குப் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு சிலை களவுபோனாலும் சிதைந்தாலும், அது எங்கு, எவ்வாறு இருந்தது என்பதை ஒரு பழைய படம் சொல்லிவிடும். அப்படங்களை எடுத்தவர்கள் பரிசுக்காக எடுக்கவில்லை, பதிவுக்காக எடுத்தார்கள்.

மாணவர்களே, உங்கள் ஊரில் கடல் இல்லாமல் இருக்கலாம். ஓர் ஏரி இருக்கும்; ஒரு குன்று இருக்கும்; ஒரு வயல்வெளியோ பனந்தோப்போ இருக்கும். அதில் ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும், கோடையிலும் மழையிலும் அங்கு நின்று பாருங்கள். அங்கு உழைப்பவரிடம் பேசுங்கள்; அவர் இசைந்தால் அவரையும் படத்தில் சேருங்கள். ஓராண்டு முழுவதும் எடுங்கள். ஒவ்வொரு படத்தோடும் இடத்தையும் நாளையும் நேரத்தையும் மறவாமல் குறித்து வையுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்வூர் ஏரியின் கரை எதுவரை இருந்தது என்று யாரேனும் கேட்கக்கூடும். அன்று அவர்களுக்கு விடை சொல்லப்போவது உங்கள் கையெழுத்தில் உள்ள அந்த ஒற்றை வரியாக இருக்கலாம்.